ஆப்பை அழிச்சாச்சு... காசு ஏன் இன்னும் போகுது?

மளிகைக்கடையில் ஒரு கிலோ சர்க்கரையும் அரை லிட்டர் நல்லெண்ணெயும் வாங்கிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார் ஒருவர். "பணம் போயிடுச்சுண்ணே" என்று போனைத் திருப்பிக் காட்டுகிறார். கடைக்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. அவருடைய காது வேறு இடத்தில் இருக்கிறது. மேசைமேல் இருக்கும் குட்டிப் பெட்டி, 'இருநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று சொன்ன பிறகுதான் பை கைமாறுகிறது.

கடைக்காரர்கள் இந்தப் பாடத்தைக் காசு இழந்துதான் கற்றார்கள். பணம் போகாமலே 'பணம் போய்விட்டது' என்று பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்குக் காட்டிவிட்டு நடையைக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் கண்ணை நம்பாமல் காதை நம்புகிறார்கள்.

விற்பவருக்குக் காவலாக ஒரு பெட்டி வந்துவிட்டது. வாங்குபவருக்கு?

பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. ஊரும் பேரும் தொகையும்தான் மாறும். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் ஓர் அம்மா, ரொம்ப நாள் கழித்து பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வருகிறார். வரிகளை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிற்கிறார்.

"ஏண்டி, மூணு மாசமா 499, 499னு போயிருக்கு. நான் யாருக்கும் அனுப்பலையே?"

காலேஜ் படிக்கும் மகள் வாங்கிப் பார்க்கிறாள். "அம்மா, இது தம்பி பரீட்சைக்குப் போட்டோமே, அந்தப் படிப்பு ஆப். ஏழு நாளைக்கு ஒரு ரூபாய்னு போட்டிருந்துச்சு. பிடிக்கலைன்னு அவன் அன்னிக்கே டெலிட் பண்ணிட்டானே!"

"டெலிட் பண்ணின பிறகு எப்படிடி காசு போகும்?"

லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு 250 ரூபாய் கூலி வாங்குகிறவர் அவர். போனது 1,497. மூன்று ரூபாய் குறைய ஆறு ஜாக்கெட்!

காசு போனது எப்படி என்றால், ஆப்புக்கும் அந்தக் காசுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அன்றைக்கு அந்த ஒரு ரூபாய்க்காகப் பின் நம்பர் போட்டபோது நடந்தது ஒரு ரூபாய் வியாபாரம் அல்ல. 'மாதா மாதம் இவ்வளவு ரூபாய் வரை, இந்தத் தேதி வரை, என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்' என்று வங்கிக்குக் கொடுத்த நிரந்தர அனுமதி அது. இதற்கு மேண்டேட் என்று பெயர். யுபிஐ-யில் வரும்போது ஆட்டோபே. 2020-ல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. பைனான்ஸில் வண்டி வாங்கும்போது தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு கத்தை செக் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். செக் வங்கியில் இருக்கும்போது, வீட்டில் வண்டியை விற்றுவிட்டாலும் தவணை போகத்தான் செய்யும். போனில் இருந்து ஆப்பை அழிப்பதும் அப்படித்தான்.

பின் போடுவதற்கு முந்தைய திரையில் எல்லாம் எழுதித்தான் இருக்கும். எந்த நிறுவனம், அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்போது முடிகிறது. முடிவுத் தேதியைப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும். பத்தாம் வகுப்புப் பையனுக்கான பாடத்துக்கு, அவன் பிள்ளை பத்தாவது படிக்கும் காலம் வரை அனுமதி கேட்டிருப்பார்கள். ஆனால், மேலே பெரிய எழுத்தில் '1 ரூபாய்' என்று மின்னும்போது கீழே இருக்கும் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாட்டில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. டீக்கடையில் 15 ரூபாய்க்கு நாலு எண்ணைத் தட்டிப் பழகிய விரல், மேண்டேட் திரையிலும் அதே வேகத்தில்தான் தட்டும். அந்தப் பழக்கத்தை நம்பியே நடக்கிறது பாதி வியாபாரம்.

இந்த மாதிரித் தொடர் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019-ல் விதிகளைக் கொண்டுவந்தது. முதலில் கார்டுகளுக்கு. பிறகு யுபிஐ-க்கும். பின்போ ஓடிபியோ இல்லாமல் தானாகப் போகும் தொகைக்கு முதலில் உச்சவரம்பு 2,000 ரூபாய். அப்புறம் 5,000 ஆனது. 2022 ஜூனில் இருந்து 15,000. இன்ஷூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்த்தினார்கள்.

வரம்பைவிட முக்கியமான விதி இன்னொன்று. பணம் எடுப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். 'நாளைக்கு எடுக்கப்போகிறோம்' என்ற வெறும் தகவல் போதாது. யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டுமோ, ஒட்டுமொத்த அனுமதியையுமோ நிறுத்தவும் அதிலேயே வழி இருக்க வேண்டும். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஃபாஸ்டேக் தானாக நிரம்புவது மாதிரி ஓரிரண்டுக்குத்தான் இந்த 24 மணி நேர விதியில் விலக்கு.

அதாவது, கடைக்காரரின் பெட்டிக்கு ஈடாக வாடிக்கையாளருக்கும் ஒரு மணியை விதி கட்டிக் கொடுத்திருக்கிறது. என்ன ஒன்று, அது சத்தமே போடாத மணி! நகைக்கடைத் தள்ளுபடிக்கும் மனை விற்பனைக்கும் லோன் ஆஃபருக்கும் நடுவே ஓர் இங்கிலீஷ் எஸ்.எம்.எஸ்ஸாக வந்து உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால், போன் வாங்கியபோது கடைப் பையன் தொடங்கிக் கொடுத்து, அதன் பிறகு ஒருமுறைகூடத் திறக்காத மெயிலில் கிடக்கும். 240 ரூபாய் வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ல முடிகிற தொழில்நுட்பத்துக்கு, 499 ரூபாய் போகப்போகிறது என்பதைத் தமிழில் ஒருமுறை சத்தமாகச் சொல்வது பெரிய வேலையா என்ன?

இந்த ஏழு நாள், ஒரு ரூபாய் வித்தைக்கு அரசாங்கமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. 2023 நவம்பர் 30-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றும் 13 வகைத் திரை வடிவமைப்புகளைத் தடை செய்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று சந்தா பொறி. சந்தாவை ரத்து செய்யும் பட்டனை ஒளித்துவைப்பது, ரத்து செய்வதைச் சுற்றிவளைத்த வேலையாக்குவது, குழப்பமாக எழுதுவது எல்லாம் இதில் வரும். இலவசச் சந்தா தருகிறேன் என்று சொல்லி, அதற்காகக் கார்டு விவரத்தையோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையோ கட்டாயமாகக் கேட்பதும் இந்தப் பொறியில் சேர்த்திதான். ஒரு ரூபாய் என்பது இலவசமா, இல்லையா என்று வக்கீல்கள் வாதம் செய்யலாம். பாஸ்புக்கோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வராது.

பட்டியலில் மற்றவையும் நமக்குப் பழகிய முகங்கள்தான். கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, கடைசித் திரையில் புதுக் கட்டணம் முளைப்பது, 'இன்னும் இரண்டே அறைகள்தான்' என்று அவசரப்படுத்துவது... விமான டிக்கெட்டோடு இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றால் 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்ற பட்டனை அழுத்தவைப்பதையும் அந்த ஆவணமே உதாரணமாகச் சொல்கிறது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக நம் வாயாலேயே நமக்கு சாபம் விட வைக்கிறார்கள். 2025 ஜூனில் எல்லா இ-காமர்ஸ் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே சோதித்து இதையெல்லாம் களைய வேண்டும் என்று அதே ஆணையம் அறிவுறுத்தியது.

சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஒன்பது தட்டு என்பது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமேசானின் பிரைம் சந்தா விஷயத்தில், அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-ல் வழக்குப் போட்டது. விலக நினைப்பவர் நான்கு பக்கங்கள், ஆறு க்ளிக்குகள், பதினைந்து வாய்ப்புகளைக் கடந்து போக வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த வழிமுறைக்கு நிறுவனத்துக்குள்ளே வைத்திருந்த பெயர் 'இலியட்' என்றும் வழக்கில் சொன்னார்கள். நெடுங்காலம் இழுத்த ட்ராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. தவறை ஒப்புக்கொள்ளாமலேதான் நிறுவனம் அந்தச் சமரசத்துக்கு வந்தது.

ஆட்டோபேயே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தேதி மறந்து பாலிசி காலாவதியான வீடுகளைக் கேட்டால் தெரியும், தானாகப் போகும் பிரீமியத்தின் அருமை. மாதச் சீட்டு மாதிரி சேமிப்புக்குப் போடும் பணம் தானாகப் போவதும் நல்லதுதான். ஒழுங்காக நடக்கிற நிறுவனங்கள் ட்ரையல் முடிவதற்கு முன்பே 'தொடரலாமா?' என்று கேட்கின்றன. சேர்ந்த பக்கத்திலேயே விலகவும் பட்டன் வைக்கின்றன. நாற்பது பக்கம் தேடவிடுகிறவர்களிடம்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, நிறுத்துவது எப்படி? முதலில், எந்த வழியாகப் பணம் போகிறது என்று பார்க்க வேண்டும். யுபிஐ என்றால், அன்றைக்கு எந்த ஆப்பில் பின் போட்டோமோ அந்த ஆப்பைத் திறந்து, சுயவிவரப் படத்தைத் தொட்டால் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்று ஒரு பகுதி இருக்கும். நடப்பில் இருக்கும் அனுமதிகள் அங்கே வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்துவிடலாம். நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை, அவர்களுக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதும் இல்லை. கார்டு என்றால் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ இ-மேண்டேட் பகுதியில் பார்க்க வேண்டும். ப்ளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால் ப்ளே ஸ்டோரிலேயே 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற இடத்தில். ஐபோனில் செட்டிங்ஸில் மேலே இருக்கும் நம் பெயரைத் தொட்டால் அதே சொல் இருக்கும்.

போன காசைத் திரும்பக் கேட்பதில்தான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். ரத்து செய்த பிறகும் பணம் போயிருந்தாலோ, முன்தகவலே வராமல் போயிருந்தாலோ, அதைக் கேட்க வேண்டிய முதல் இடம் வங்கி. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. ஆனால், முன்தகவல் வந்து, மேண்டேட்டும் உயிரோடு இருந்தால் வங்கி 'நீங்கள்தானே பின் போட்டீர்கள்' என்று சொல்லிவிடும். அதில் நியாயமும் இருக்கிறது. அப்போது கேள்வி நிறுவனத்திடம்தான்: 499 ரூபாய் என்பதைத் தெளிவாகச் சொன்னீர்களா, விலகும் வழியைக் காட்டினீர்களா?

2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். முன்கூட்டியே டிக் அடித்துவைத்த பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதே விதிகளில்தான் இருக்கிறது. அங்கே வேலைக்கு ஆகாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டின் சட்டப்படி, குடியிருக்கும் ஊரில் இருந்தே வழக்குப் போடலாம், நிறுவனம் இருக்கும் பெங்களூருக்கோ குருகிராமுக்கோ ஓட வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. 1,497 ரூபாய்க்காக இவ்வளவு தூரமா என்று தோன்றலாம். தோன்றும் என்பது அவர்களுக்கும் தெரியும். தொகையைக் கேஸ் போடத் தூண்டாத அளவில் வைப்பது தற்செயல் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது ஆதாரம். பின் போடுவதற்கு முன் அந்த மேண்டேட் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால், பின்னாளில் அதுவே பேசும். எடுக்கும் சாக்கில் ஒருமுறை படித்தும் விடுவோம்.

இதைத் தேடும்போது ஒரு குழி இருக்கிறது. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டுவைத்திருக்கும் எண்ணும் வரும். கனிவாகப் பேசுவார்கள். 'ரீஃபண்ட் போடுகிறோம், லிங்கைத் தொட்டுப் பின் போடுங்கள்' என்பார்கள். பணம் நம் கணக்குக்கு வர ஒருபோதும் பின் தேவையில்லை. 499-ஐத் தேடிப்போய் மொத்தத்தையும் விட்டவர்கள் உண்டு. அப்படி ஏதாவது நடந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 1930-ஐக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக, கடைப் பெட்டி பேசாத கதை. வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விட்டது, கடைப் பெட்டி மட்டும் மௌனம். பின்னால் வரிசை நிற்கிறது. யார் நஷ்டத்தைத் தாங்குவது? கடைக்காரர் பொருளைக் கொடுக்க யோசிப்பதில் தப்பில்லை, வாடிக்கையாளர் இரண்டாவது முறை கொடுக்கத் தயங்குவதிலும் தப்பில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை இதற்கு விடை வைத்திருக்கிறது. கடையில் செலுத்தி, கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனி ஆளுக்கு அனுப்பி, போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே வர வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. கேட்காமலே வருகிறதா என்பதை பாஸ்புக்தான் சொல்ல வேண்டும். தாமதமாகத் திரும்பிய பணம் இருந்தால் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அந்த வீட்டில் அன்று சாயங்காலம் மகள் அம்மாவின் போனை வாங்கி ஆட்டோபே பகுதியைத் திறந்தாள். மூன்று வரிகள் இருந்தன. படிப்பு ஆப் முதலில். ரத்து. இரண்டாவது, அம்மா பெயரில் போட்ட இன்ஷூரன்ஸ் பாலிசி. "அதைத் தொடாதேடி" என்றார் அம்மா, மெஷினில் இருந்து தலையை எடுக்காமலே.

மூன்றாவது ஏதோ கிரிக்கெட் காட்டுகிற ஆப். மாதம் 149.

"இது யார் போட்டது?"

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

"என்னங்க, உங்களைத்தான். அந்த மேட்ச் முடிஞ்சு எத்தனை மாசம் ஆச்சு?"

"ஆப்பை அப்பவே அழிச்சிட்டேனே..." என்றார் அவர்.